கத்தாழைத் தண்டு டிஜெரிடு: மர வாய் வேலைக்கா, விலைக்கா?

9 பிப்ரவரி 2023, மதுரை நண்பர் கேட்டது

ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் உதட்டை அதிரவைத்து ஊதுகிற நீளக் குழல் டிஜெரிடு. கலிஃபோர்னியாவில் அதைக் கத்தாழைத் தண்டைக் குடைந்து செய்கிறார்கள். ஊதும் முனையில் வால்நட், ஆலிவ் என்று ஏதாவது மரத்தைக் கடைந்து மவுத்பீஸ் வைத்துவிட்டு நானூறு, ஐநூறு டாலர் சொல்கிறார்கள். என் கட்சி இது: கறையான் குடைந்த யூகலிப்டஸ்தான் அசல். கத்தாழை வெறும் தக்கை. அந்த மர வாய், விலை ஏற்ற மாட்டிய நகை. மறுப்பவர் மறுக்கலாம்.

9 பிப்ரவரி 2023, இரவு, என் பதில்

தக்கை உள்ளேதான். வெளித்தோலைத் தட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

சான் டியேகோவுக்கு வடக்கே எஸ்கொண்டிடோ பக்கம் இருக்கிறேன். இங்கே தெருவுக்கு இரண்டு வீட்டு வாசலிலாவது ஆனைக் கத்தாழை நிற்கும். நம் ஊரில் தண்டவாளத்து ஓரம் நிற்கிற அதே செடி, பூர்வீகம் மெக்சிகோ. இங்கே இதற்கு நூற்றாண்டுச் செடி என்று பெயர். பெயர்தான் நூறு. பத்திலிருந்து முப்பது வருஷத்துக்குள் ஒரே ஒரு தடவை பூத்துவிட்டுச் செத்துப்போகும். பூக்கிற வருஷம் நடுவிலிருந்து விளக்குக் கம்பம் மாதிரி ஒரு தண்டு கிளம்பி 6, 7 மீட்டர் போகும். காய்ந்தபின் தோல் மரமாகிவிடும், உள்ளே வெள்ளைச் சோறு. சோற்றைச் சுரண்டி எடுத்துவிட்டால் குழல். வீட்டுக்காரருக்கு அந்தத் தண்டு குப்பை. வெட்டி எடுத்துப்போகிறேன் என்று சொன்னால் காபி கொடுத்து அனுப்புவார்கள்.

இதுவரை ஐந்து செய்திருக்கிறேன். முதல் இரண்டும் அடுப்புக்குப் போயின. மூன்றாவது ஊதுகிறது. நான்காவது நன்றாக ஊதுகிறது. ஐந்தாவது பாதியில் கிடக்கிறது. நான்காவதின் எடை 1.3 கிலோ. இங்கே தெரிந்தவர் ஒருவரின் யூகலிப்டஸ் 4 கிலோவுக்கு மேல். அரை மணி நேரம் மடியில் வைத்து ஊதிப் பாருங்கள், எது அசல் என்று முட்டி சொல்லும்.

மவுத்பீஸ் விஷயத்தில் நானும் உங்கள் கட்சி. தேன்மெழுகை உருட்டி விளிம்பில் ஒட்டினால் போதும். மரத்தைக் கடைவதெல்லாம் படம் எடுத்து விற்க.

10 பிப்ரவரி 2023

திருத்தம். மூன்றாவது ஊதவில்லையாம், பிளிறுகிறதாம். மேலே எழுதியதைப் படித்துவிட்டு மனைவி சொன்னாள்.

12 பிப்ரவரி 2023

யூகலிப்டஸ்தான் அசல் என்பதை நான் மறுக்கவே இல்லை. ஆஸ்திரேலியாவின் வடக்கே, வடகிழக்கு ஆர்னம் லேண்டில் யோல்ங்கு என்ற பூர்வகுடி மக்கள் அதை யிடாக்கி என்கிறார்கள். டிஜெரிடு என்பது அவர்கள் சொல்லே அல்ல, சத்தத்தைக் கேட்டு வெள்ளைக்காரர்கள் வைத்தது. அங்கே கருவி செய்பவர் காட்டில் நடந்து, நிற்கிற மரத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். கறையான் உள்ளே எவ்வளவு தின்றிருக்கிறது என்று காதால் கண்டுபிடித்து, சரியான மரத்தை மட்டும் வெட்டுவார். தட்டிப் பார்த்துத் தேங்காய் வாங்குகிற நமக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

கத்தாழையில் கறையான் வேலையை நாம் செய்கிறோம். அதனால்தான் என் முதல் இரண்டும் அப்படி. கறையானுக்கு அனுபவம் அதிகம்.

19 பிப்ரவரி 2023

மூன்று பேர் தனியே செய்முறை கேட்டுவிட்டார்கள். எல்லோருக்குமாக இங்கேயே.

முதலில் தோல். உங்கள் தோல். பச்சைத் தண்டை வெட்டாதீர்கள். கத்தாழைச் சாறு பட்டால் என்ன ஆகும் என்று ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், இருந்தாலும் முதல் தடவை அரைக்கைச் சட்டையோடு போய் ரம்பம் போட்டேன். சாற்றில் ஊசி ஊசியாக ஆக்சலேட் படிகம் இருக்கிறது. முழங்கை வரை தடித்து, நான்கு நாள் சொறிந்தேன். பூத்து முடிந்து, காய் உதிர்ந்து, தண்டு சாம்பல் நிறமாகித் தட்டினால் 'டொக்' என்று கேட்கிற வரை பொறுங்கள். நிற்கிறபடியே காய்ந்த தண்டு வளையாது. வெட்டிக் கீழே போட்டுக் காயவைத்தது வாழைப்பழம் மாதிரி வளையும். என் இரண்டாவது அப்படித்தான் அடுப்புக்குப் போனது.

பிறகு நீளவாக்கில் நூல் அடித்து இரண்டாகப் பிளக்க வேண்டும். கைரம்பத்தில் எனக்கு ஒரு மாலை முழுதும் ஆனது. இரண்டு பாதியும் பழைய காலத்து ஓடம் மாதிரி கிடக்கும். வளைந்த உளியால் சோற்றைத் தோண்டுங்கள். வெண்ணெய் மாதிரி வரும், அதுதான் ஆபத்து. கை சுகமாகப் போகும்போது தோல் வரைக்கும் போய்விடும். நான் ஒரு சென்டிமீட்டர் சுவர் விட்டு நிறுத்துகிறேன். கடைசியில் உப்புத்தாளைக் கம்பில் சுற்றித் தேய்த்துவிடுவது.

அடுத்தது எபாக்ஸி, இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகுகிற பிசின். இரண்டு பாதிக்கும் உள்பக்கம் இரண்டு பூச்சு. ஒட்ட வேண்டிய விளிம்பில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பூச்சை விட்டுவிட்டால் எச்சிலும் மூச்சு ஈரமும் இறங்கி, மிச்சமிருக்கிற சோறு ஊறிக் கூழாகும். பிறகு மரத்தூள் கலந்த எபாக்ஸியை விளிம்பில் தடவி இரண்டையும் சேர்த்து, சைக்கிள் ட்யூபை ரிப்பன் ரிப்பனாக வெட்டி மேலிருந்து கீழ்வரை இறுக்கிச் சுற்றிவிடுவேன். கிளாம்ப் வாங்கலாம், இருபது வேண்டும். பஞ்சர் கடையில் ட்யூப் சும்மா கிடைக்கும்.

மறுநாள் சோதனை. அகல வாயைத் தொடையில் அழுத்தி மூடிக்கொண்டு, ஊதும் முனையை உறிஞ்சுங்கள். உதடு பிடித்துக்கொண்டால் காற்று கசியவில்லை. 'ஸ்ஸ்' என்று எங்காவது கேட்டால் விரலால் தடவித் தேடி அடையுங்கள். ஊசி நுழையாத கசிவு போதும், கருவியே சத்து இல்லாமல் போய்விடும். என் மூன்றாவதில் அப்படி ஏழு இடம் அடைத்தேன்.

20 பிப்ரவரி 2023

பிளக்காமல் பழுக்கக் காய்ச்சிய கம்பியை விட்டுச் சுட்டுத் துளைக்கலாமே என்று கேட்டவருக்கு: முதலாவதை அப்படித்தான் செய்தேன். சோறு கங்காகப் பிடித்து உள்ளுக்குள்ளேயே புகைந்தது. கலிஃபோர்னியாவில், செப்டம்பரில், காய்ந்த மலைக்குப் பக்கத்து வீட்டில். எதிர்வீட்டுக்காரர் தோட்டக் குழாயோடு ஓடி வந்தார். அதற்குப் பின் அவர் என்னை எங்கே பார்த்தாலும் கைகளைத்தான் முதலில் பார்க்கிறார்.

5 மார்ச் 2023

மூன்றாவதின் கதையைச் சொல்லிவிடுகிறேன், யாராவது அதே குழியில் விழாமல் இருக்கட்டும்.

எனக்கு 2 கட்டை வேண்டும். வெள்ளைக்காரர் கணக்கில் டி, 73.4 ஹெர்ட்ஸ். ஒரு பக்கம் மூடி ஒரு பக்கம் திறந்த குழாய், நான்கில் ஒரு அலைநீளம். பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே. ஒலியின் வேகம் 343ஐ நாலு தடவை 73.4ஆல் வகுத்தால் 1.168 மீட்டர். சந்தோஷமாக 117 சென்டிமீட்டரில் வெட்டினேன்.

வந்தது 4½ கட்டை.

நான்காவதில் கணக்கைத் தூர எறிந்துவிட்டு நீளமாக வெட்டி, ஊதி ஊதி ஒரு விரல் ஒரு விரலாகக் குறைத்தேன். 2 கட்டைக்கு வந்து நின்றபோது 150 சென்டிமீட்டர். கணக்குக்கும் தண்டுக்கும் 33 சென்டிமீட்டர் வித்தியாசம். ஏன் என்று இன்றுவரை யோசிக்கவில்லை. கத்தாழைக்குக் கணக்கு தெரியாது என்று வைத்துக்கொண்டேன்.

6 மார்ச் 2023

கணக்கு தெரியாதது எனக்குத்தானாம். கோவையிலிருந்து இயற்பியல் வாத்தியார் ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

நான் போட்டது நேர்க்குழாய்க் கணக்கு. கத்தாழைத் தண்டு நேர்க்குழாயா? அடி பெருத்து நுனி சிறுத்தது. என்னுடையது ஊதும் பக்கம் உள்விட்டம் 30 மில்லிமீட்டர், அடியில் 60. இப்படி விரிந்துகொண்டே போனால், அதே நீளத்து நேர்க்குழாயைவிடச் சுருதி ஏறும். அவர் போட்ட கணக்கில் 117 சென்டிமீட்டருக்கு 93 ஹெர்ட்ஸை ஒட்டி வருகிறது. அது 4½ கட்டையேதான். 2 கட்டைக்கு 149. நான் ஒரு வாரம் விரல் விரலாக அறுத்துக் கண்டுபிடித்ததை அவர் டீ ஆறுவதற்குள் போட்டுவிட்டார்.

இன்னொன்றும் சொன்னார், அது எனக்குப் பிடித்திருக்கிறது. டிஜெரிடுவில் உதட்டை இறுக்கினால் கொம்பு மாதிரி மேலே ஒரு சுரம் 'பூம்' என்று கிளம்பும். நேர்க்குழாயில் அது மேல் ஸ்தாயிப் பஞ்சமம். என் தண்டின் விரிவுக்கு மேல் சாதாரண காந்தாரத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும் என்றார். போய் ஊதிப் பார்த்தேன். இரண்டு தண்டிலும் காந்தாரம். பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயில் ஊதினால் பஞ்சமம். இத்தனை நாள் என் உதடுதான் சரியில்லை என்று நினைத்திருந்தேன்.

7 மார்ச் 2023

வாத்தியார் ஐயா, மூன்றாவதை எரிக்கவில்லை, இருக்கிறது. 4½ கட்டையில் பாடுகிற பெண் யாராவது இருந்தால் சுருதிக்குத் தரலாம். மனைவி மறுத்துவிட்டாள்.

2 ஏப்ரல் 2023

பிப்ரவரி 9 இரவு மவுத்பீஸ் பற்றி எழுதிய வரியை வாபஸ் வாங்குகிறேன். முழுதாக அல்ல, முக்கால்வாசி.

ஐந்தாவது தண்டு அடிப்பகுதியிலிருந்து வெட்டியது, நல்ல பருமன். ஊதும் பக்கமே 48 மில்லிமீட்டர் வாய். அதில் வாயை வைத்தால் சொம்பில் வாயை வைத்த மாதிரி, உதடு துடிக்கப் பிடிமானமே இல்லை. நமக்கு வேண்டியது 28லிருந்து 32க்குள். மெழுகால் 30க்குக் கொண்டுவரலாம் என்று உருட்டி உருட்டி ஒட்டினேன். கால் கிலோ மெழுகு போனது. பார்த்தால் பிள்ளையார் பிடித்த மாதிரி இருந்தது. ஊதும்போது சூட்டில் இளகி உள்ளே சரிந்தது.

வேறு வழியில்லாமல் மரம். பக்கத்து வீட்டில் ஆலிவ் கிளையைக் கழித்துப் போட்டிருந்தார்கள். பச்சை மரம் என்று தெரிந்தும் ஆசை விடவில்லை. கடைந்த மூன்றாம் நாள் நடுவில் பிளந்தது. அடுத்தது காய்ந்த வால்நட் துண்டு. 4 சென்டிமீட்டர் கனம், வட்டமாக அறுத்து, நடுவில் 30 மில்லிமீட்டர் துளை போட்டு, விளிம்பை அரத்தாலும் உப்புத்தாளாலும் உதட்டுக்கு உருட்டி எடுத்தேன். கன்னத்தில் வைத்தால் கூழாங்கல் மாதிரி இருந்தது. அழகு. ஒட்டினேன். ஊதினேன்.

செத்த சத்தம். சுருதி நிற்கிறது, ஆனால் உள்ளே காற்று எதையோ இடித்துக்கொண்டு போகிற மாதிரி. மேல் சுரம் பத்துக்கு ஒன்று வருகிறது. மரத்தைத் திட்டினேன். உங்கள் கட்சிதான் சரி, நகைதான் என்று இங்கே எழுத உட்கார்ந்தேன். எழுதுவதற்கு முன் டார்ச்சை எடுத்து அடிப்பக்கத்திலிருந்து உள்ளே பார்த்தேன்.

30 மில்லிமீட்டர் துளை முடிகிற இடத்தில் 48 மில்லிமீட்டர் தண்டு தொடங்குகிறது. சுற்றிலும் 9 மில்லிமீட்டருக்கு ஒரு படி. கிணற்று உள்சுவரில் திட்டு இருக்குமே, அப்படி. உதட்டுப் பக்கத்தை நான்கு நாள் தேய்த்தவன் உள்பக்கத்தைத் தொடவே இல்லை. கண்ணுக்குத் தெரிகிற பக்கம்தானே வேலை!

ஒட்டியதைப் பெயர்த்து, துளையைப் புனல் மாதிரி உள்ளுக்குள் விரித்தேன். மேலே 30, கீழே 48, நடுவில் திட்டே இல்லாமல். திரும்பப் பொருத்தி ஊதினேன். அதே தண்டு, அதே மரம், அதே வாய். மேஜை மேலிருந்த ஸ்பூன் அதிர்ந்தது.

ஆக, மரத்தின் அழகு நகைதான், அதில் மாற்றமில்லை. ஆனால் பருத்த தண்டுக்கு மர வாய் இல்லாமல் ஆகாது. வாங்கப் போகிறவர்கள் மேலே இருக்கிற பாலிஷைப் பார்க்காதீர்கள், விரலை உள்ளே விட்டுத் திட்டு தட்டுகிறதா என்று பாருங்கள்.

3 ஏப்ரல் 2023

விரல் அவ்வளவு தூரம் போகுமா என்று கேட்டவருக்கு: 4 சென்டிமீட்டர் போகும், தட்டும். போகவில்லை என்றால் பேனா.

3 ஏப்ரல் 2023, மாலை

"அப்படியானால் மரமே முக்கியமில்லையா, யூகலிப்டஸும் கத்தாழையும் ஒன்றா?" என்று மதுரை நண்பர் மடக்குகிறார். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் இதையே ஆராய்ச்சியாகச் செய்திருக்கிறார்கள். 30க்கும் மேற்பட்ட கருவிகளைத் தேர்ந்த வாத்தியக்காரர்களிடம் கொடுத்துத் தரம் பிரிக்கச் சொல்லி, பிறகு உள்கூட்டை ஒலியால் அளந்தார்கள். நல்லது என்று எடுத்து வைத்தவற்றில், 1லிருந்து 2 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் குழல் உதட்டுக்குக் கொடுக்கிற எதிர்ப்பு குறைவாக இருந்தது. காரணமும் அவர்களே 2005இல் சொன்னதில் இருக்கிறது. ஊதுபவர் நாக்கையும் தொண்டையையும் மாற்றும்போது வாயின் உள்வடிவம் அந்தப் பகுதியில் சில அலைகளை அமுக்கி, சிலதை விடுகிறது. அந்த 'வாவ் வாவ்' அங்கிருந்துதான் வருகிறது. குழல் குறுக்கே நிற்காமல் இருந்தால் வாய் செய்வது கேட்கும். அதனால் பாதி வாத்தியம் நம் தாடைக்குள் இருக்கிறது, அதற்கு நானூறு டாலர் கேட்க ஆளில்லை.

யூகலிப்டஸின் கனத்த சுவருக்கென்று ஒரு குரல் உண்டு என்று என் காதுக்குத் தோன்றுகிறது. அது காதின் கட்சி, ஆராய்ச்சியின் கட்சி அல்ல.

21 மே 2023

இந்த விவாத இழை தடம் மாறுகிறது, மாறட்டும். மூச்சு விடாமல் எப்படி ஊதுவது என்று கேட்டிருக்கிறார்கள். கன்னத்தில் காற்றை அடக்கிக்கொண்டு, அதைக் கன்னத்தால் பிதுக்கி வெளியே தள்ளுகிற அந்த நொடியில் மூக்கால் இழுத்துக்கொள்வது. தண்ணீர் டம்ளரில் ஸ்ட்ரா போட்டுக் குமிழி நிற்காமல் ஊதிப் பழகலாம். எனக்கு ஏழு வாரம் ஆனது.

இதற்கு ஆஸ்திரேலியா வரை போக வேண்டியதில்லை. நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து என்று ஒன்று இருக்கும், விரல் துளை இல்லாதது. ஒருவர் அதை இரவு முழுக்க ஒரே சுரத்தில், இடைவெளி விடாமல், கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருப்பார். சின்ன வயதில் திருவிழாவில் நான் வேடிக்கை பார்த்தது அவரைத்தான். தூங்கிவிட்டாரோ என்று கிட்டே போய்ப் பார்ப்பேன், சுருதி மட்டும் வந்துகொண்டிருக்கும். இப்போது அவர் இடத்தில் ஸ்ருதிப் பெட்டி. அவர்களில் ஒருவர் கையில் டிஜெரிடுவைக் கொடுத்திருந்தால் அன்றைக்கே ஊதியிருப்பார். ஒத்துக்குச் சீவாளி என்ற நாணல் நாக்கு, இதற்கு வெறும் உதடு, அவ்வளவுதான் வித்தியாசம்.

22 மே 2023

குறட்டைக்கு நல்லதாமே என்று கேட்டவருக்கு: ஆமாம், சும்மா சொன்னதல்ல. சுவிட்சர்லாந்தில் செய்த ஆய்வு, 2006இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. மிதமான உறக்க மூச்சுத் தடையும் குறட்டையும் உள்ள 25 பேர். 14 பேர் நான்கு மாதம் டிஜெரிடு பழகினார்கள், 11 பேர் காத்திருப்புப் பட்டியலில். பழகியவர்கள் வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு 25 நிமிடம் ஊதியிருக்கிறார்கள். பகல் தூக்கக் கலக்கமும் மூச்சுத் தடையும் குறைந்தன, பக்கத்தில் படுப்பவர்களின் தூக்கம் கெடுவதும் குறைந்தது. 2017இல் இதற்கு, சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கிற ஆய்வுகளுக்குத் தரும் இக்னோபல் பரிசு கொடுத்தார்கள், அதுவும் சமாதானப் பிரிவில். கவனிக்க வேண்டியது, அவர்கள் ஊதியது அக்ரிலிக் பிளாஸ்டிக் குழாய். தொண்டைத் தசைக்குக் கத்தாழையும் வால்நட்டும் தெரியாது. 25 பேர் சின்னக் கூட்டம். தூங்கும்போது மூச்சுக்குழாய்க்குக் காற்று தள்ளுகிற சி-பேப் கருவி வைத்திருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் கழற்றிவிடாதீர்கள்.

என் வீட்டில் குறட்டை நின்றதா என்று கேட்காதீர்கள். மனைவி இந்த இழையைப் படிக்கிறாள்.

16 ஜூலை 2023

மனம் சரியில்லை. போன மாதம் ஆசைக்கு ஒன்று விலைக்கு வாங்கினேன். யார் செய்தது என்று கேட்காதீர்கள், சொல்வதாக இல்லை. அருமையான தண்டு, மேலே மெருகு, ஆலிவ் மர வாய், வரி வரியாக ரேகை. உள்ளே திட்டு இருக்கிறதா என்று பேனா விட்டேன், இல்லை. நானே சொல்லிக்கொடுத்த சோதனையில் தேறிவிட்டது என்று பெருமை.

நேற்று வண்டிக்குள் வைத்துவிட்டு மளிகைக் கடைக்குள் போனேன். வெளியே 37 டிகிரி, வண்டிக்குள் சொல்லவே வேண்டாம். திரும்பி வந்தால் மவுத்பீஸ் தனியாகச் சீட்டில் கிடக்கிறது. ஒட்டியிருந்தது துப்பாக்கிப் பசை. சூட்டில் உருக்கி ஒட்டுகிற பசை, சூட்டில் உருகாமல் என்ன செய்யும்? எழுதிக் கேட்டதற்கு "வெயிலில் வைக்கக் கூடாது" என்று ஒரு வரி பதில்.

பக்கத்தில் கிடந்த நான்காவதின் தேன்மெழுகும் அன்றைக்கு ஒழுகிச் சீட்டில் ஊறியிருந்தது. அதனால் பசையை மட்டும் குறை சொல்ல வாயில்லை.

இப்போது என் முறை இது. மரத்தின் அடியைச் சற்றுச் சரிவாக இழைத்து, நாகஸ்வரத்தில் சீவாளியைக் கெண்டை என்ற சின்ன உலோகக் குழாயில் ஏற்ற நூல் சுற்றுவது போல நூல் சுற்றி, நூலில் மெழுகு தேய்த்துத் தண்டில் அழுத்தித் திருகிவிடுவது. காற்று கசியாது, வேண்டும்போது கழற்றிக் கழுவலாம். எபாக்ஸி போட்டு நிரந்தரமாகவும் ஒட்டலாம். ஆனால் தண்டும் மரமும் ஈரத்துக்கு ஒரே மாதிரி விரிவதில்லை, என்றைக்காவது மயிரிழை விரிசல் விடும்.

18 ஜூலை 2023

மரத்தைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. ரோஸ்வுட் வகைகளை உதட்டில் வைக்காதீர்கள். கடையும்போது கிளம்பும் தூளே பலருக்கு அலர்ஜி. எனக்கு மேலுதடு மூன்று நாள் பலாச்சுளை மாதிரி இருந்தது. வால்நட், மேப்பிள், ஆலிவ் என்று போங்கள். மேலே தேன்மெழுகு தேய்த்தால் போதும்.

கையில் கத்தாழை அரிப்பு, உதட்டில் மர அரிப்பு. இதற்குப் பெயர் பொழுதுபோக்கு.

10 செப்டம்பர் 2023

"பூர்வகுடிகளின் கருவியை நீங்கள் கத்தாழையில் செய்வது திருட்டில்லையா?" என்று புதிதாக வந்தவர் கேட்டிருக்கிறார். மூன்று நாளாக யோசித்தேன்.

என் தண்டில் நான் யோல்ங்கு கோலமோ புள்ளி ஓவியமோ வரைவதில்லை. யிடாக்கி என்றும் சொல்வதில்லை. அந்தப் பெயரும் ஓவியமும் யாருடையவையோ அவர்களுக்குத்தான். அங்கே குலத்துக்குக் குலம் பாட்டும் தாளமும் தனி, சடங்கில் யார் எதை ஊதலாம் என்று முறை உண்டு. நான் ஊதுவது அந்தப் பாட்டு அல்ல, வெறும் சுருதி. ஆனால் கையில் பிடித்திருப்பது அவர்கள் கண்டுபிடித்தது என்பதை யார் கேட்டாலும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

வயிற்றெரிச்சல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தோனேசியாவில் செய்த டிஜெரிடுவையும் பூமராங்கையும் பூர்வகுடிகள் கையால் வரைந்தவை போலக் காட்டி விற்ற மொத்த வியாபாரிக்கு 2019இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் போட்டது. கத்தாழையைக் கத்தாழை என்று சொல்லி விற்பவரை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். மதுரை நண்பர் முதலில் எழுதிய 'அசல்' என்ற சொல்லுக்கு இப்போதுதான் அர்த்தம் புரிகிறது. அவர் கறையானைச் சொன்னார், நான் எடையைச் சொன்னேன். இரண்டு பேருமே ஆளைச் சொல்லவில்லை.

22 அக்டோபர் 2023

ஆறாவதுக்குத் தண்டு கிடைத்தது. நாலு தெரு தள்ளி ஒரு பாட்டி வீடு, போன வருஷம் பூத்தது. நேராக, நல்ல சாம்பல் நிறம். அறுத்துத் தோளில் தூக்கி வந்து வாசலில் சாத்திவிட்டு நூல் அடிக்கப் போனேன். முழங்கால் உயரத்தில் சுண்டுவிரல் நுழைகிற வட்ட ஓட்டை. ட்ரில் போட்ட மாதிரி அவ்வளவு சுத்தம். காதை வைத்தால் உள்ளே 'ர்ர்ர்'.

தச்சு வண்டு, மரத்தைத் துளைத்துக் கூடு கட்டுகிற பெரிய தேனீ வகை. காய்ந்த கத்தாழைத் தண்டு அதற்குப் பிடித்த வீடு. தாய் வண்டு நீளவாக்கில் சுரங்கம் போட்டு, அறை அறையாகத் தடுத்து, அறைக்கு ஒரு மகரந்த உருண்டையும் ஒரு முட்டையும் வைத்துவிடும். கோடையில் வளர்ந்த குஞ்சுகள் குளிர் முடிகிற வரை அந்தச் சுரங்கத்திலேயே ஒடுங்கிக் கிடக்கும். நான் தூக்கி வந்தது நிறைமாத வீட்டை.

வண்டு துளைத்த மூங்கிலில் காற்று புகுந்து குழல் ஊதும் என்று நம் பழம்பாட்டில் படித்திருப்போம். படிக்கும்போது கற்பனை என்று நினைத்தேன்.

தண்டை வேலியோடு சேர்த்து நிமிர்த்திக் கட்டிவிட்டேன், ஓட்டை வெயில் பார்க்கிற பக்கமாக. மார்ச்சு வரை ரம்பத்துக்கு லீவு.

14 ஜனவரி 2024

மதுரை நண்பர் திரும்பி வந்திருக்கிறார். ஒரு வருஷம் என்னைத் தக்கை தக்கை என்றவர், ஊருக்கு வெளியே மாமனார் தோட்டத்து வேலியில் காய்ந்த தண்டு ஒன்றைப் பார்த்துவிட்டாராம். படம் அனுப்பியிருக்கிறார். நல்ல தண்டு, கொஞ்சம் கழுத்து வளைந்திருக்கிறது, வளைவுக்கு மேலே வெட்டிக் கழித்துவிடலாம். 2 கட்டைக்கு எவ்வளவு நீளம் என்று கேட்கிறார்.

மாமனாரைக் கேளுங்கள். பிறகு தட்டிப் பாருங்கள், வட்ட ஓட்டை இருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். முழுக்கைச் சட்டை போடுங்கள். வாய் 30, அடி 60 வருகிற மாதிரி குடைந்தால் 150. நீங்கள் 160இல் வெட்டுங்கள். சின்ன முனையில் மெழுகு போதுமா, மரம் வேண்டுமா என்று இப்போது சொல்ல மாட்டேன், வாயை அளந்து போடுங்கள்.

15 ஜனவரி 2024

44 மில்லிமீட்டர் என்கிறார். மரம்தான். வேலிக்குப் பக்கத்திலேயே வாகை நிற்கிறதாம், கிளை காய்ந்து கிடக்கிறதாம். நாகஸ்வரத்தின் அடியில் விரிந்திருக்கிற அணசே வாகையில் செய்கிறார்கள். தூள் மூக்கில் ஏறினால் தும்மித் தள்ளிவிடுவீர்கள், துணி கட்டிக்கொண்டு கடையுங்கள். உள்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.